என் கால் விரலை வெட்டிய வகுப்பு

1

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. கடிதம் எழுதிப் பழகியிருக்கிறது, இப்படி அச்சில் வருகிற மலருக்கு எழுதிப் பழகியதில்லை. ஒற்று வர வேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடந்ததை வரிசையாகச் சொல்லவும் எனக்கு வராது. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும். மறந்தது மூன்றாவதைச் சொல்லும்போது நினைவுக்கு வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வாசகசாலை மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி என் அண்ணன் மகள் போனில் கேட்டாள். "அங்க எப்படி இருக்கீங்கன்னு எழுதினா போதும் அத்தை" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியால்தான் இந்த வருஷம் எனக்கு அவ்வளவு வம்பு. அதனால் வம்பையே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்தில், பாடாங் செராய் என்கிற சின்னப் பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், இருபது வயது இருக்கும், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு பக்கத்தில் நின்ற தோழியின் கையைக் கிள்ளியது.

"அலாமாக், அப்படியே புவான் கமலம்லா இவங்க."

"யாரும்மா அது?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க ஆண்ட்டி. நாங்க நர்ஸிங் படிக்கிறோம். எங்க காலேஜு கம்ப்யூட்டர்ல ஒரு பேஷண்ட் இருக்கு. நிஜ ஆள் இல்ல, பொம்மை. உங்கள மாதிரியே ரெண்டு பக்கமும் மூக்குத்தி. இதே மாதிரி முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கும். என்ன கேட்டாலும் 'நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி'ன்னு சொல்லும். சரியான டெகில் ஆண்ட்டி அது. அதனாலயே எங்க கிளாஸு மொத்தமும் ஃபெயிலு."

அலாமாக் என்றால் அடடா, புவான் என்றால் திருமதி, மிஸ்ஸி என்றால் இங்கே நர்சம்மா. டெகில் என்றால் மலாயில் பிடிவாதம் பிடித்தது என்று அர்த்தம்.

"அந்தப் பொம்மைக்கு என்ன ஆச்சு?"

"சுகரு ஏறிப்போயி கால் விரலை எடுத்தாச்சு ஆண்ட்டி. நான் மட்டும் இல்ல, எல்லாருமே வெட்டிட்டோம். எங்க குரூப்பு ரெண்டு தடவ வெட்டிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தது. நல்ல பெண்தான். பெயர் தர்ஷினி என்றது.

எந்தக் கல்லூரி, யார் வாத்தியார் என்று கேட்டேன். சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரி. வாத்தியார் மிஸ் மகேஸ்வரி. அது என் மகள் என்று நான் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்தப் போன கையைப் பாதியில் நிறுத்தி, தட்டை நீட்டிச் சோறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கும் சர்க்கரை வியாதி உண்டு. என் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து ஒரு தடவை குனிந்து பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

2

நான் ஏன் எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. அவர் இங்கேயே பிறந்தவர், நீல நிற அடையாள அட்டை வைத்திருந்தவர். எனக்குக் கிடைத்தது சிவப்பு அட்டை. இங்கே தங்கலாம், ஆனால் இந்த நாட்டு ஆள் இல்லை என்று பொருள். அதைப் புதுப்பிக்கவும் மாற்றவும் ஒவ்வொரு தடவையும் அலுவலகம் போய் எண் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டார்கள். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் தோட்டத்துக் கடிதம் கொண்டுவா என்றார்கள். அடுத்த தடவை பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். இரண்டுக்கும் பிறப்புப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். ஒரு பதில் சொன்னால் ஒரு காகிதம். இரண்டு வார்த்தை கூடச் சொன்னால் இன்னொரு நாள் சம்பளம் போச்சு. அதற்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பாய்க் என்று ஒரு மலாய் வார்த்தை இருக்கிறது. நல்லது, சரி, நலம், எல்லாவற்றுக்கும் அது போதும். மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து எதைக் கேட்டாலும் பாய்க் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

குடியுரிமைக்கு மலாய் பேசிக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மீன் கடையில் நான் பேசுகிற மலாய்க்குக் கடைக்காரனே விலையைக் குறைப்பான். மேசை முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு உள்ளே போய்விட்டது. அட்டை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எத்தனையோ வருஷம் இந்த மண்ணில் முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அட்டையின் நிறம் அந்த நடையை மாற்றிவிடாது.

கிளினிக்கிலும் அதே மாதிரி மேசைதான். அதனால் அங்கேயும் பாய்க்தான். மகேசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு மொழிபெயர்க்க வருவாள். டாக்டர் கேட்பார், அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு என்பேன், அவள் சொல்வாள். பள்ளிச் சீருடையோடு அந்த மேசை அருகே அவள் நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவள் மனதில் அது வேறு மாதிரி இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அடுத்த வெள்ளி மகேசு வந்தாள். மகன் தெற்கே ஜொகூரில் இருக்கிறான், அவன் பிள்ளைகள் போனில் என்னிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, பாட்டிக்குப் புரியாது என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும். மகேசு பரவாயில்லை, மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். வந்தாலும் பாதித் தமிழ், பாதி மலாய், மிச்சம் போன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "உன் காலேஜுல என் விரலை வெட்டிட்டாங்களாமே."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தப் பெண் சொன்னதெல்லாம் நிஜம் என்று தெரிந்துகொண்டேன்.

"அது நீங்க இல்லம்மா. பல பேரைச் சேர்த்துப் பண்ணினது."

"பல பேருக்கும் ரெண்டு பக்கம் மூக்குத்தியா? காட்டு, பாப்போம்."

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். ஒரு கிளினிக் அறை. நாற்காலியில் நான். வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு கடிகாரம், அது ஓடவும் செய்தது. பொம்மை மூச்சு விட்டது, கண் சிமிட்டியது. பக்கத்தில் கேள்விகள் வரிசையாக இருந்தன. மகேசு ஒன்றை அழுத்தினாள். எப்படி இருக்கிறீர்கள். பொம்மை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லா இருக்கேன் மிஸ்ஸி என்று மலாயில் சொன்னது. மாத்திரை போடுகிறீர்களா. சில நேரம். அதற்கு மேல் மூன்று வழிகள் கொடுத்திருந்தார்கள். மருந்தைக் கூட்டு. அடுத்த மாதம் வரச் சொல். அறிவுரை சொல். மருந்தைக் கூட்டினால் பொம்மை மயங்கி விழுகிறது. அடுத்த மாதம் வரச் சொன்னால் காலில் புண் வைத்து விரல் போகிறது. அறிவுரையை விடாமல் மூன்று தடவை அழுத்தினால், சரி மிஸ்ஸி, இனிமே ஒழுங்கா போடுறேன் என்று சிரிக்கிறது. முழு மார்க்.

மேலே புவான் கமலம் என்ற பெயருக்குக் கீழே மலாயில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். துவக்கப் பள்ளி மட்டும் படித்தவர். சொன்னபடி கேட்காதவர்.

"இதை யாரு எழுதினா?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் மூக்குத்திய எடுத்து அதுக்குப் போடுறதுக்கு முன்னாடியாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மகேசு."

"அம்மா, இதுக்குப் பேரு சிமுலேஷன். நிஜ நோயாளிகிட்ட தப்புப் பண்ணாம, பொம்மைகிட்ட தப்புப் பண்ணிப் படிக்கிறது. முந்தி மாதிரி நாங்க பாடத்த ஒப்பிக்கிறது இல்ல. ஒரு ப்ராப்ளத்தக் குடுப்போம், விடை சொல்ல மாட்டோம். பிள்ளைங்களே பேசி, யோசிச்சு, என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு கண்டுபிடிக்கணும். அப்பதான் மூளை வேலை செய்யும். புதுசா இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்."

"நல்ல விஷயந்தான். ஆனா விடைய முன்னாலயே பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு யோசி யோசின்னா, பிள்ளைங்க என்னத்த யோசிக்கும்? எந்தப் பித்தானை அழுத்தினா மார்க்கு வரும்னுதான் யோசிக்கும்."

"இத விக்கிற கம்பெனிக்காரன் குடுத்த கேள்விதான் இருக்கும்மா. நான் அதுல ஆளை மட்டுந்தான் நிரப்ப முடியும்."

"அதுக்கு நான் கெடைச்சேனா?"

அதுவரை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள். "வேற யாரு கெடைப்பா? எட்டு வயசுல இருந்து உங்களோட கிளினிக்குல நின்னவ நான். உங்களுக்கு முடியலைன்னு எனக்குத் தெரியும். நீங்க நல்லா இருக்குன்னு பொய் சொல்வீங்க, அந்தப் பொய்ய நான் மலாயில சொல்லணும். டாக்டரு என்னைத்தான் தட்டிக்குடுத்து நல்ல பிள்ளைம்பாரு. எத்தன தடவ கேட்டிருப்பேன் மாத்திரை போட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு. என்னிக்காவது ஒழுங்கா பதில் சொன்னீங்களா?"

"நீ கேட்டது போட்டீங்களான்னு மட்டுந்தான். ஏன் போடலைன்னு கேட்டியா?"

"சரி, இப்பக் கேக்குறேன். ஏன் போடல?"

எனக்கும் கோபம். "இப்படி நின்னுகிட்டுக் கேட்டா சொல்ல மாட்டேன்" என்றேன். தர்ஷினி சொன்ன பிடிவாதம் என்னிடம் இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

4

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள், இதெல்லாம் அங்கேதான், நம்மிடம் அப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். நாலாம் வகுப்பில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்தது நினைவிருக்கிறது. கரும்பலகையில் ஒரு கணக்கு. ஒரு தொட்டி, மேலே ஒரு குழாய் தண்ணீர் விடுகிறது, கீழே ஒரு ஓட்டை வழியே தண்ணீர் போகிறது, தொட்டி எப்போது நிறையும். நான் எழுந்து, "ஓட்டைய அடைச்சிட்டு விடலாமே சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. சார் என்னை மணி அடிக்கும்வரை நிற்க வைத்தார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. அந்தக் கணக்குக்கு விடை இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டது தப்பான கேள்வி என்று இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆகவே மகள் புதுசாக ஒன்று செய்கிறாள் என்றால் அதற்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுகிற படிப்பு என்றால் அதை நான் கும்பிடுவேன். அந்தப் பொம்மையின் பெயருக்குக் கீழே எழுதியிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் வரும், போகும். ஒவ்வொரு வகுப்பும் என்னைப் பார்த்து, இந்த மாதிரிக் கிழவிகள் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும். அங்கே என்னைப் போல எத்தனை பேர் பாய்க் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் காலை பசியாறும்போது மகேசிடம் சொன்னேன்.

"உன் வகுப்புக்கு நான் வர்றேன். பொம்மைக்குப் பதிலா நான் உக்காருறேன்."

"விளையாடாதீங்கம்மா."

"கேட்டா பதில் சொல்வேன். கேக்காட்டி அந்தப் பொம்மை சொல்றதையேதான் நானும் சொல்வேன். நானா வாயத் தொறக்க மாட்டேன்."

நாள் முழுக்க யோசித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள். "தீபாவளி முடிஞ்ச வாரம் எங்க ஹெட் மேடம் கிளாஸுக்குள்ள வந்து பாக்கப் போறாங்க. என்னோட வேலைய நீட்டிக்கிறதா வேணாமான்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. வர்றதுன்னா அன்னிக்குத்தான் வரணும், அப்பதான் ஃபெயிலான பிள்ளைங்களுக்கு இந்தப் பாடம் மறுபடி வருது. நீங்க அங்க வந்து என்னை மானங்கெடுத்தாதீங்க."

"நீ என்னைக் கெடுத்ததுல பாதி கூடக் கெடுக்க மாட்டேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காரில் ஏறிப் போய்விட்டாள்.

5

தீபாவளிக்கு மறுநாள் கந்த சஷ்டி ஆரம்பம். ஆறு நாள் நான் பகலில் பல்லில் ஒன்றும் படவிட மாட்டேன். விளக்கு வைத்த பிறகு பாலும் ஒரு பழமும். யாருக்காக இந்த விரதம் என்பது எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிந்தது, அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. வகுப்பு நடந்தது விரதத்தின் மூன்றாவது நாள்.

குளிரைக் கூட்டி வைத்த அறை. பிள்ளைகள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மேடம், மடியில் ஒரு காகிதக் கட்டு. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மூன்று கட்டம். தெரிந்தது, தெரியாதது, கேட்க வேண்டியது. மகேசு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "இன்னிக்குப் புவான் கமலம் நேர்லயே வந்திருக்காங்க" என்றாள். என் அம்மா என்று அவள் சொல்லவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. தர்ஷினி மட்டும் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவது போலக் குனிந்தது.

பிள்ளைகள் மலாயில் கேட்டார்கள். எனக்குப் புரியாத இடத்தில் தர்ஷினி தமிழில் சொன்னது.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி."

ஒரு மேசையில் சிரிப்பு. "டே, பொம்மைய விட ஒரிஜினல் மோசம்" என்று ஒரு பையன் முணுமுணுத்தான். தமிழ்ப் பையன், எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டான்.

"மாத்திரை போடுறீங்களா?"

"சில நேரம்."

ஒரு பெண் எழுந்து சோற்றைப் பற்றி நீளமாக அறிவுரை சொன்னது. தலையாட்டினேன். இன்னொன்று காலைக் கழுவித் துடைப்பது பற்றிச் சொன்னது. அதற்கும் தலையாட்டினேன். மூன்றாவதாக ஒருவன் வந்து, மாத்திரை போடாவிட்டால் விரலை எடுப்பார்கள் என்று பயமுறுத்தினான். "பாய்க்" என்றேன். தெரிந்தது என்கிற கட்டம் எல்லாப் பலகையிலும் நிரம்பிவிட்டது. கேட்க வேண்டியது என்கிற கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகேசு சுவரோடு சாய்ந்து நின்று என்னையே பார்த்தாள். சொல்லுங்கம்மா என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் வகுப்பு ஜெயித்துவிடும், அவள் வேலையும் நிலைக்கலாம். பெற்ற மகள். ஆனாலும் சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்கு அவர்கள் முன்னால் உட்காரப் போகிற கிழவி தானாகச் சொல்ல மாட்டாள். அவளிடம் இவர்கள்தான் கேட்டாக வேண்டும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு காய்ந்துபோயிருந்தது.

தேநீருக்கு விட்டார்கள். தர்ஷினி தன் அம்மா சுட்ட தீபாவளி முறுக்கைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தது. எனக்கும் கொடுத்தது. வாங்கி மேசை மேல் வைத்தேன். அலியா என்று ஒரு மலாய்ப் பெண், அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தது, எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தது. நான் அதையும் தொடவில்லை. அந்தப் பெண் போகாமல் நின்றது. தட்டைப் பார்த்தது, என் உதட்டைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டது.

"மக்சிக், இன்னிக்கு நீங்க புவாசாவா?"

மக்சிக் என்றால் அத்தை போல. புவாசா என்றால் விரதம். எத்தனையோ வருஷமாகக் கிளினிக் போகிறேன், வெள்ளைச் சட்டை போட்டவர் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"எத்தனை நாள்?"

"ஆறு."

"மருந்து?"

"போடலை."

"ஏன் மக்சிக்?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த மீன் கடை மலாயிலேயே சொன்னேன், நாக்கு உள்ளே போகவில்லை. முன்பு ஒரு சஷ்டியில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, குழாயடியில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பியது. அதிலிருந்து விரத நாளில் மாத்திரையை நிறுத்திவிடுவது. கிளினிக்கில் சொன்னால் விரதத்தை விடு என்பார்களோ என்று பயந்து சொல்லாமல் இருந்தது. விரதம் முடிந்ததும் பாயசமும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை ஏறி இருப்பது, அதற்குத் திட்டு வாங்குவது.

அலியா எழுந்து தன் மேசைப் பலகைக்குப் போய், வெள்ளையாக இருந்த கட்டத்தில் எழுத ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் அது சொன்னது என் காதில் விழுந்தது. "நோன்பு மாசத்துக்கு முன்னால எங்க அம்மாகிட்ட கிளினிக்குல கேட்டுட்டு மாத்திரை நேரத்த மாத்திக் குடுப்பாங்க. இவங்களும் புவாசாதானே இருக்காங்க. இவங்களுக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் இல்ல?"

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் ஆளுக்கு ஆள் பேசினார்கள். மாத்திரையை அவராக நிறுத்தியது தப்பு என்றான் ஒருவன். போட்டிருந்தால் விழுந்திருப்பாரே என்றாள் இன்னொருத்தி. எந்த மாத்திரை என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றான் முணுமுணுத்த பையன், நேராக என்னிடமே வந்து மாத்திரையின் பெயரைக் கேட்டான். விரதத்தை எதைச் சாப்பிட்டு முடிக்கிறீர்கள், வேறு எந்த நாள் விரதம், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. கட்டம் போதாமல் பலகையின் ஓரத்தில் எழுதினார்கள். ஒரு கேள்விக்கும் நான் பாய்க் என்று சொல்லவில்லை.

தர்ஷினி மட்டும் எழுந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்கம்மாவும் சஷ்டிதான் ஆண்ட்டி. காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டாங்களாம். ஒரு மாதிரி படபடன்னு வருதுன்னு படுத்திருக்காங்க. உடனே பால்ல சீனி போட்டுக் குடிக்கச் சொல்லிட்டேன். விரதம் கெட்டுப்போயிருமேன்னு அழுவுறாங்க." பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "தெனம் பாக்குறேன். இது வீட்டு விசயம்னு நெனச்சிட்டேன். கிளினிக்குல கேக்குற விசயம்னு தோணவே இல்ல" என்றது.

மகேசு அதன் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "நீ வீட்டுக்குப் போ. போயி அம்மாவுக்கு சுகர் பாரு. எனக்கு போன் பண்ணு" என்றாள். அது போனது. சாயங்காலம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

வகுப்பு முடியும்போது மேடம் எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை, குரலும் மெதுவாகத்தான் இருந்தது. "இந்தக் கேள்வி விடைத்தாளில் இல்லையே மகேஸ்வரி. இவர்கள் முடிவு என்று ஒன்றும் சொல்லவில்லையே. எதற்கு மார்க் போடப் போகிறீர்கள்?"

அந்த மேடத்தைப் பார்த்து மகேசுக்கு எத்தனை பயம் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கேட்டதுக்கு, மேடம். இவங்க எங்க அம்மா. நான் இத்தனை வருசமா கேக்கல."

மேடம் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

6

இதை எழுதுகிற வரைக்கும் மகேசின் வேலை பற்றி முடிவு வரவில்லை. வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வேற காலேஜு பாப்பேன். இந்தப் பாடத்த மட்டும் பழையபடி நடத்த மாட்டேன்" என்றாள். மானங்கெடுத்தாதீங்க என்று சொன்ன அதே வாய்.

விரதம் முடிந்ததும் நான் தனியாகவே கிளினிக் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நானாக மாத்திரையை நிறுத்தியதற்கும், பாயசத்துக்கும் சேர்த்து நன்றாகத் திட்டினார். பிறகு விரத நாளில் எதை எப்போது போடுவது, எப்போது விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆறு நாளும் இருக்காதே, இரண்டு நாள் இரு என்றார். மாத்திரை விஷயத்தில் சரி என்றேன். நாள் விஷயத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. அடுத்த சஷ்டிக்கு நிறைய நாள் இருக்கிறது. பேசிக்கொள்ளலாம்.

பொம்மைக்குள் புதிய கேள்வி சேர்க்க அடுத்த பருவம் ஆகும் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டானாம். ஆளைப் பற்றி எழுதுகிற இடம் மட்டும் மகேசு கையில் இருக்கிறது. சொன்னபடி கேட்காதவர் என்று இருந்ததை என் முன்னாலேயே அழித்தாள். அங்கே என்ன எழுதட்டும் என்று என்னைக் கேட்டாள். நல்லவள், கெட்டிக்காரி என்றெல்லாம் எழுதிவிடாதே, அதுவும் பொய்தான் என்றேன். கடைசியில் அவளே மலாயில் எழுதினாள். இவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. அந்த வரியைப் பார்க்கிற பிள்ளைகள் எந்தப் பித்தானை அழுத்துவது என்று தெரியாமல் முழிக்கிறார்களாம். முழிக்கட்டும். அடுத்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அலியா வந்து அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறது. எனக்கு இன்னும் கூச்சம்தான், ஆனாலும் போவேன். விரல் பத்தையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

மலர் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரையைப் பற்றி நான் எழுதியதைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் யாரும் அப்படியே செய்துவிடக் கூடாது. நம் ஊரில் நர்சு வேலை பார்க்கிற பெண் யாராவது இருந்தால் இதைக் காட்டி, வைத்தியத்தில் தப்பு இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். மலாய் வார்த்தைகளையும் ஊர்ப் பெயர்களையும் தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்தால் நல்லது. எழுத்துப் பிழையைத் தாராளமாகத் திருத்துங்கள். நான் சொன்னது எங்கேயாவது தப்பாகத் தோன்றினால் மட்டும், இந்தக் கிழவிக்கு விவரம் போதாது என்று நீங்களாக மாற்றிவிட வேண்டாம். என் அண்ணன் மகளிடம் போன் எண் இருக்கிறது. கூப்பிட்டு, ஏன் அப்படி எழுதினாய் என்று என்னைக் கேளுங்கள்.